கைமுதல்

எங்கள் சித்தப்பா சீட்டாடக் கிளம்புவதைப் பார்ப்பவர்கள் அவர் ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மாடக்குழியில் வைப்பார். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிச் சித்தியிடம் கொடுப்பார். சைக்கிள் திண்ணையோரமே நிற்கும். கண்மாய்க்கரை ஒன்றரை மைல் தள்ளி இருந்தாலும் நடந்துதான் போவார். சட்டைப்பையில் சரியாக 20 ரூபாய், ஒரு கட்டுப் பீடி, தீப்பெட்டி. அவ்வளவுதான். இது 1985, 86 வாக்கில், காரியாபட்டியில். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. சைக்கிளை ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"சைக்கிளும் கைமுதல்தான்டா. கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சுன்னா ராத்திரி பதினோரு மணிக்கு அதுக்கு ஒரு வெல தோணும்" என்றார்.

கைமுதல் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்போதுதான். பிற்பாடு வியாபாரிகள் வாயிலும் வட்டிக்கடைப் பலகைகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு அந்தச் சொல்லின் மணம் இன்றைக்கும் பீடிப்புகையும் கரம்பை மண்ணும் கலந்ததுதான்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் பயணம் செய்தவர்களுக்குக் காரியாபட்டி ஒரு பேருந்து நிறுத்தமாக நினைவிருக்கலாம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் கரிசல், மழை வந்தால் மட்டும் கண் திறக்கும் கண்மாய்கள். கிழக்கே திருச்சுழிப் பக்கம் போனால் குண்டாறு. ஆறு என்ற பெயர் அதற்கு ஆண்டில் சில நாட்களுக்குத்தான் பொருந்தும். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் நாட்களிலும், மாசிக்குப் பிறகு வெள்ளாமை வீடு வந்த நாட்களிலும் ஆண்களுக்கு வேறு வேலை கிடையாது. சீட்டுக்கட்டுகள் வெளியே வரும். தீபாவளி, பொங்கல் ராத்திரிகளில் மங்காத்தா. அது உள்ளே, வெளியே என்று இரண்டே வார்த்தைகளில் முடிகிற ஆட்டம், மூளைக்கு வேலையில்லை. சித்தப்பா அந்தப் பக்கம் போகமாட்டார். அவருடையது பதின்மூன்று சீட்டு ரம்மி.

பாயிண்டுக்கு ஐந்து பைசா. ஒன்றும் சேராமல் முழுதாகத் தோற்றால் 80 பாயிண்ட், அதாவது 4 ரூபாய். சீட்டை எடுத்துப் பார்த்து, கை சரியில்லை என்று ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், ஒரு ரூபாய். நடுவில் விட்டால் 40. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் 20 ரூபாயின் பொருள் விளங்கும். ஐந்து முழுத் தோல்வி. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

ஏன் ஐந்து என்பதற்கு அவர் வைத்திருந்த விளக்கத்தை, பிற்காலத்தில் நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. "பத்து ரூவாயோட போய் உக்காந்தேன்னு வையி, பயத்துல ஸ்கூட் விட்டுக்கிட்டே இருப்ப. நல்ல கையி வந்தாலும் அடிக்கத் துணிவு இருக்காது. அம்பது ரூவா வெச்சிருந்தா, விட வேண்டிய கையையும் ஆடித்தான் பாப்பமேன்னு சொல்லும். இருவது இருந்தா நம்ம புத்தி நம்மகிட்ட இருக்கும்."

பயத்துக்கும் கொழுப்புக்கும் நடுவில் ஒரு தொகை. அது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

*

இந்தக் கேள்வி முப்பத்தைந்து வருடம் கழித்து, சற்றும் எதிர்பாராத வேடத்தில் என் வீட்டுக்கு வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது சென்னையில் கணினி வேலையில் இருந்த அக்கா மகன் காரியாபட்டிக்குத் திரும்பிவந்தான். மாடியறையில் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பான். பகலில் அலுவலகம், இரவில் போக்கர். நான் மதுரையிலிருந்து எப்போதாவது அனுமதி வாங்கிக்கொண்டு போகும்போது எனக்கும் சொல்லிக்கொடுத்தான். எனக்கு எழுபது எண்பது கவிதைத் தொகுப்புகள் தராத சுவாரசியத்தை அந்த ஆட்டம் தந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் கூச்சமில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். மேசையின் நடுவே ஐந்து சீட்டுகள் மூன்று, ஒன்று, ஒன்று எனத் திறக்கப்படும். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு சுற்றுப் பந்தயம். யாராவது கட்டாயமாகப் பணம் வைத்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்பதால் இரண்டு பேர் முறைவைத்துச் சீட்டைப் பார்க்குமுன்னரே பணம் வைப்பார்கள், பெயர் பிளைண்ட். 5, 10 ரூபாய் பிளைண்ட் உள்ள மேசையில் உட்காரப் போகிறவன் தன் முன்னால் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்? இதுதான் பை-இன். பெரிய பிளைண்டைப் போல் நூறு மடங்கு, அதாவது 1000 ரூபாய், என்பது நெடுநாள் வழக்கம். குறைவாக வைத்தும் உட்காரலாம். இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று அதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு.

குறைவாக வைப்பவன் கோழை என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. மருமகன் சிரித்தான். "அப்படியில்ல மாமா. எதிராளி முன்னாடி பத்தாயிரம் இருந்தாலும் என் முன்னாடி 200 இருந்தா, எங்க ரெண்டு பேருக்கும் நடக்குறது 200 ரூபா ஆட்டந்தான்" என்றான். ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போது பையிலிருந்து காசை எடுத்து வைக்கக் கூடாது என்பது போக்கரின் ஆதார விதி. மேசைமேல் இருப்பது மட்டுமே பணம். ஆகையால் இரண்டு பேரில் குறைவாக வைத்திருப்பவனின் தொகையே அந்த ஆட்டத்தின் ஆழம். மில் முதலாளியும் பருத்தி எடுக்கிறவனும் ஒரே மேசையில் உட்கார முடிவது இந்த ஒரு விதியால்தான். இதை யோசித்தவன் யாரோ தெரியாது, பெரிய மனிதன்.

ஆழம் மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது. என் கையில் இரண்டு நாலு இருக்கிறது என்று வையுங்கள். எதிராளி 30 ரூபாய் வைக்கிறார். நானும் 30 வைத்தால் அடுத்த மூன்று சீட்டில் இன்னொரு நாலு விழுவது ஏறக்குறைய எட்டரை முறைக்கு ஒருமுறை. ஒருமுறை ஜெயிப்பதற்குள் ஏழெட்டு முப்பது ரூபாய் போய்விடும், சுமாராக 225. விழுந்த அன்றைக்கு எதிராளியிடமிருந்து அதைவிட நன்றாகக் கூடுதலாகப் பறிக்க முடிந்தால்தான் அந்த முப்பது ரூபாய்க்கு நியாயம் உண்டு. மேசையில் 200 ரூபாய்தான் இருக்கிறதென்றால் கட்டாது. தூக்கிப் போட்டுவிட வேண்டும். 1000 இருந்தால் பார்க்கலாம். சீட்டு அதேதான், எதிராளியும் அதே ஆள்தான். கைமுதல் மாறியதும் சரி எது தப்பு எது என்பதும் மாறிவிட்டது. குறைந்த பணத்தில் முடிவுகள் எளியவை. பெரும்பாலும் முதல் சுற்றிலேயே போட்டதைப் போடு என்று முடிந்துவிடும். ஆழமான பணத்தில் ஐந்து சீட்டு வரைக்கும் ஒவ்வொரு திறப்பிலும் பிழை செய்ய இடம் இருக்கிறது. ஆகவே மேசையில் நீங்கள் கெட்டிக்காரர் என்றால் நிறைய வைத்துக்கொண்டு உட்காருங்கள், மற்றவர் கெட்டிக்காரர் என்றால் குறைய. தான் யார் என்று சரியாகத் தெரிந்தவனுக்கு இது நல்ல அறிவுரை. அப்படித் தெரிந்தவர்களை நான் இலக்கியக் கூட்டங்களில்கூடப் பார்த்ததில்லை.

மேசையில் வைக்கும் பணம் வேறு, வீட்டில் இருக்கும் மொத்தப் பணம் வேறு. கிறிஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2006-ல் ஒரு சபதம் செய்தார். கையில் ஒரு காசும் இல்லாமல், நுழைவுக் கட்டணமில்லாத இணையப் போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலர் சேர்ப்பது என்று. மொத்தக் கையிருப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை. மேசையில் இருப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எழுந்துவிடுவது. 2007-ல் சேர்த்தும் காட்டினார். (அவர் இயக்குநர்களில் ஒருவராக இருந்த இணையதளம் 2011-ல் ஆட்டக்காரர்களின் வைப்புப் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் நின்றது தனிக்கதை. ஐந்து விழுக்காடு என்பது மேசைக்கு மட்டுமான அறம் போலிருக்கிறது.)

இதற்குப் பின்னால் கணிதமும் உண்டு. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-ல் ஒரு கட்டுரை எழுதினார். நமக்குச் சாதகமுள்ள பந்தயத்தில் கையிருப்பில் எத்தனை பங்கை வைத்தால் நெடுங்காலத்தில் பணம் வேகமாக வளரும் என்பதற்கான வழி அதில் இருக்கிறது. நூற்றுக்கு 55 முறை ஜெயிக்கிற, ஒன்றுக்கு ஒன்று தரும் பந்தயம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் வைத்தால் சாதகம் நம் பக்கம் இருந்தும் வளர்ச்சி குறையும். ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டினால் தேயத் தொடங்கும். 100 ரூபாயில் 20 விழுக்காடு தோற்று, மிஞ்சியதில் 20 விழுக்காடு ஜெயித்தால் கையில் 96. இறங்கிய அதே படிகளில் ஏறி மேலே வந்துவிட முடியாது. சாதகம் ஐம்பதுக்கு ஐம்பது என்றால் கெல்லி தரும் விடை பூஜ்யம். இன்னும் பழைய கணக்கு ஒன்று, பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கலும் ஹைகன்ஸும் தொட்டது. நியாயமான ஆட்டத்திலேயே, என்னிடம் 1000 ரூபாயும் எதிராளியிடம் 9000 ரூபாயும் இருந்து, ஒருவர் ஓட்டாண்டியாகும் வரை ஒரே அளவு பந்தயமாக ஆடினால், ஓட்டாண்டியாவது நானாக இருக்கப் பத்தில் ஒன்பது வாய்ப்பு. பெரிய பைக்குத் திறமை தேவையில்லை, பொறுமை போதும்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இத எழுதுனவரு மழைக்கு எதுத்தாப்ல ஆடிப் பாத்துருக்காரா?" என்றார்.

*

அவருக்கு நாலு ஏக்கர் கரிசல். மானாவாரி. சீட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகாத அந்த மனிதர் நிலத்துக்கு எவ்வளவு கொண்டுபோனார் என்பதைத்தான் நான் இத்தனை நாள் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

2016 புரட்டாசியில் இரண்டு ஏக்கர் பருத்தி, ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம், மீதியில் உளுந்து போட்டார். உழவு, விதை, அடியுரம். ஒரு மழை பெய்தது. முளைத்தது. பிறகு வானம் வெளுத்துவிட்டது. முளைத்தது கருகியதும் ஐப்பசிக் கடைசியில் சித்தியின் சங்கிலியை அடகு வைத்து மறுபடியும் விதைத்தார். மறுவிதைப்பு என்பது கரிசல்காட்டில் எல்லோரும் செய்வது. இன்னும் ஒரு மழை வந்தால் போட்டதெல்லாம் திரும்பிவிடும் என்ற நினைப்பு. மழை வரவில்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. சங்கிலி ஏலத்துக்குப் போனது. சித்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு விறகு வெட்டப் போனாள்.

போக்கரில் ஒரு கை நடக்கும்போது பையிலிருந்து காசு எடுக்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா. நிலம் நேர் எதிரான விதியில் ஆடும் ஆட்டம். விதைத்தபின் களையெடுக்கக் காசு கேட்கும். களையெடுத்தபின் மேலுரம் கேட்கும். புழு விழுந்தால் மருந்து கேட்கும். கொடுக்க மறுத்தால் அதுவரை போட்டது முழுதும் போயிற்று. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தில் விழுந்தபோது மருந்துக்கடை வாசலில் நின்ற கூட்டத்தில் சித்தப்பாவும் இருந்தார். அத்தனை பேரும் ஆட்டத்தின் நடுவில் பைக்குள் கை விட்டுக்கொண்டிருந்தார்கள். பயிர்க் காப்பீட்டுக்கு, 2016-ல் வந்த திட்டப்படி, பருத்தி போன்ற பணப்பயிருக்கு உழவர் பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காடு, ராபி பருவ உணவுப்பயிருக்கு ஒன்றரை விழுக்காடு. அதுவும் ஒரு பந்தயம்தான். இழப்பீடு தீர்மானமாவது பெரும்பாலும் ஒரு பகுதி முழுவதன் சராசரி விளைச்சலை வைத்து. நம் புஞ்சை மட்டும் கருகினால் பக்கத்துக்காரன் புஞ்சை பச்சையாக இருப்பது நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

"சீட்டுக்கு எம்புட்டுக் கொண்டுபோறதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. அங்க பிடிக்கலைன்னா எந்திரிச்சு வேட்டிய ஒதறிட்டு வந்துருவேன். புஞ்சைய விட்டு எங்க எந்திரிக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஃபெர்குசனின் ஐந்து விழுக்காடு ஒருவனிடம் இருபது பங்கு இருக்கிறது என்பதை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. நாலு ஏக்கர்காரனிடம் ஒரு பங்குதான் இருக்கிறது. ஓராண்டுக்கு ஒரு கைதான் ஆட முடியும். நீண்டகாலத்தில் என்று கெல்லி சொல்வது எத்தனை புரட்டாசி?

*

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். எழுத விருப்பமில்லாததால்தான் இவ்வளவு நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2020 நவம்பரில் தமிழக அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அவசரச் சட்டத்தால் தடை செய்தது. நானும் அக்காவும் நிம்மதியானோம். அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது. சித்தப்பாவின் ஆட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் திறமை ஆட்டம் என்பதற்கும் என் மருமகன் திறமைசாலி என்பதற்கும் நடுவில் பெரிய பொட்டல் இருக்கிறது. அதை எந்த நீதிமன்றமும் அளந்து தராது.

அந்த டிசம்பரில் அவன் சென்னைக்குத் திரும்பியபிறகு முதல் தொலைபேசி வந்தது. அறைக்கு முன்பணம், 40,000. அனுப்பினேன். அடுத்த மாசியில் வண்டி விபத்து, யாருக்கோ சமாதானம் செய்ய வேண்டும், 75,000. பிறகு நண்பனின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அந்த அழைப்பு ராத்திரி ஒன்றேகாலுக்கு வந்தது. குரலில் நடுக்கம் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் அலைபேசியிலேயே அனுப்பிவிட்டுப் படுத்தேன். மொத்தம் 3,10,000 ரூபாய். அக்காவிடம் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டதால் அல்ல, நல்ல மாமன் என்று இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

உண்மை 2022 ஆடியில் அவனாகவே சொல்லித் தெரிந்தது. ஆயிரம் ரூபாய் மேசையில் தொடங்கியவன் ஐயாயிரத்துக்கு, இருபதாயிரத்துக்கு என்று போயிருக்கிறான். ஒவ்வொரு மேசைக்கும் அவன் கொண்டுபோனது சரியான தொகைதான், நூறு மடங்கு, ஒரு ரூபாய் கூடவில்லை. அதை அவன் பெருமையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கணக்கில் பணம் குறைந்தவுடன் தானாகவே மேசையை நிரப்பிவிடும் வசதி ஒன்று இருக்கிறதாம். ஒருமுறை அழுத்தி வைத்தால் போதும், பிறகு கேட்காது. மேசைமேல் எப்போதும் ஆயிரம் இருக்கும். குறைவது கண்ணுக்குத் தெரியாது.

"நாலு தடவ அழிச்சுட்டு மறுபடி போட்டேன் மாமா. ஒவ்வொரு தடவயும் கடைசின்னு நெனச்சுத்தான்."

சித்தப்பாவின் இரவுகளை நினைத்துப் பார்த்தேன். கண்மாய்க்கரையில் ராத்திரி பதினோரு மணிக்கு 20 ரூபாய் தீர்ந்துவிட்டால், மேலும் ஆட வேண்டுமானால், ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்கு வந்து சித்தியை எழுப்ப வேண்டும். அந்த நடையில் பாதி தூரத்திலேயே புத்தி வந்துவிடும். அவர் கடிகாரத்தையும் சைக்கிளையும் விட்டுவிட்டுப் போனது தன்மீது நம்பிக்கை இல்லாததால். மருமகனுக்கு அந்த ஒன்றரை மைல் இல்லை. அதன் மறுமுனையில் சித்தி இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன், ஒரு விரல் அழுத்தத்தில் எழும்புகிறவனாக. மேசையில் இருந்தது அவன் ஆயிரம். பையில் இருந்தது நான்.

தஸ்தயேவ்ஸ்கி 'சூதாடி' நாவலை 1866 அக்டோபரில் 26 நாட்களில் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்த கதை இலக்கிய வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சுருக்கெழுத்தில் எடுத்த அன்னாவை மறு ஆண்டு மணந்தார் என்பதும். அதற்குப் பிந்தைய கதையை நான் இந்தச் சமயத்தில்தான் உட்கார்ந்து படித்தேன். 1867-ல் ஹோம்பர்க்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி மனைவிக்குக் கடிதம் மேல் கடிதம். அவள் அனுப்புகிறாள், அதுவும் போகிறது. பாடன்-பாடனில் அவளுடைய காதணி அடகுக்குப் போகிறது, திருமண மோதிரங்கள் போகின்றன, உடுப்புகள் போகின்றன. சுழல்மேசையை அமைதியாக, கணக்காக ஆடினால் ஜெயிக்கலாம் என்று அவர் கடைசிவரை நம்பினார். கணக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கும் இருந்தது, மொத்தத்துக்கு இல்லை. அன்னா தன் நினைவுக் குறிப்புகளில் இதை நோய் என்று புரிந்துகொண்டதாக எழுதுகிறாள். எழுத்து ஓடாமல் அவர் தவித்த ஒரு சமயத்தில் தோற்றுத் தொலைத்துவிட்டு வரட்டும் என்று அவளே பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். 1871-ல் வீஸ்பாடனில் தோற்றதோடு அவர் நிறுத்திவிட்டார். ஏன் அன்றைக்கு நின்றது என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் ஒப்பவில்லை.

சபா பர்வத்தில் நான் பல காலம் கவனிக்காமல் கடந்த ஓர் இடம் உண்டு. தாயமுருட்டுவது சகுனி, பணயம் கொடுப்பது துரியோதனன். ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையா என்று தருமன் ஆரம்பத்திலேயே கேட்கிறான். கேட்டுவிட்டு ஆடவும் செய்கிறான். எதிரே இருப்பவனின் கைமுதல் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது, தன்னுடையது எவ்வளவு என்று நிர்ணயிக்கவும் இல்லை. செல்வம், நாடு, நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன், தான், கடைசியில் திரௌபதி. அரங்கம் முழுக்கப் பெரியவர்கள். மேசைமேல் இருப்பது மட்டுமே பணம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. எங்கள் பக்கத்து மல்லாங்கிணற்றுக்காரரான எஸ். ராமகிருஷ்ணன் 'உபபாண்டவம்' எழுதியவர். இந்த வெயிலில் வளர்ந்த ஒருவர் மகாபாரதத்துக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

*

பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 2023 ஏப்ரலில் புதிய மாநிலச் சட்டம். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ரம்மியும் போக்கரும் அதன் தடைப்பட்டியலில் வராது என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து ஐந்து மணிவரை ஆடக் கூடாது என்று விதி. ஒன்றேகால் மணி அழைப்புகளை அறிந்தவன் யாரோ அதை எழுதியிருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமாக நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. மருமகன் அதற்கு முன்பே நிறுத்திவிட்டதாகச் சொன்னான். நான் நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. மாதாமாதம் எனக்கு 6,000 ரூபாய் அனுப்புகிறான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

2025 புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தபோது அவனும் வந்திருந்தான். சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. சீட்டுச் சேக்காளிகளில் பாதிப் பேர் இல்லை. அந்த வருடம் பருத்தி வேண்டாம் என்று ஒன்றரை ஏக்கரில் மட்டும் குதிரைவாலி தூவிவிட்டு, வரப்போரம் துவரை ஊன்றிவிட்டு, மீதியைச் சும்மா போட்டிருந்தார். குதிரைவாலிக்குப் பெரிய செலவு கிடையாது. ஊரில் சிலர் சிரித்தார்கள். ஸ்கூட் விட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

சாயங்காலம் திண்ணையில் சீட்டுக்கட்டை எடுத்தார். காசு வேண்டாம் என்று தீக்குச்சிகளை எண்ணினார். ஆளுக்கு முப்பது. நான், மருமகன், அவர். என்ன விஷயம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கலாம்.

பேரன் நன்றாகத்தான் ஆடினான். சித்தப்பா அதைவிட நன்றாக ஆடினார். கழிக்கும் ஒவ்வொரு சீட்டும் அவருக்கு நினைவிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவன் முன்னால் இருந்த குச்சிகள் தீர்ந்துவிட்டன. பேச்சு சுவாரசியத்தில் அவன் கை தன்னிச்சையாகத் தீப்பெட்டியை நோக்கிப் போனது.

சித்தப்பா பெட்டியை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"தாத்தா, குச்சிதானே."

"குச்சிதான்."

அவன் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை மடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். சித்தப்பா எனக்கும் தமக்குமாக மட்டும் சீட்டைப் போட்டார். மேற்கே மின்னல் வெட்டியது. சித்தி வாசலில் காய்ந்துகொண்டிருந்த மல்லியை அள்ளி முறத்தில் போடத் தொடங்கினாள், மருமகன் எழுந்து அவளுக்குச் சாக்கைப் பிடித்துக்கொடுக்கப் போனான்.